பூட்டான் செச்சுத் திருவிழாவுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

பூட்டானுக்குப் போகலாம் என்று முடிவு செய்தவுடன் எல்லோரும் விமான டிக்கெட் விலையைத்தான் தேடுகிறார்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் பார்க்க வேண்டியது அந்த நாட்டின் திருவிழா நாட்காட்டி. பூட்டானின் மலைகளும் மடங்களும் வருடம் முழுக்க அங்கேயே இருக்கின்றன. ஆனால் ஒரு பள்ளத்தாக்கின் மக்கள் அத்தனை பேரும் நல்ல உடை உடுத்தி, குழந்தை குட்டிகளோடு, பாயும் சாப்பாட்டு மூட்டையுமாகக் கோட்டை முற்றத்தில் வந்து உட்காருவது வருடத்தில் சில நாட்கள்தான். அந்த நாட்களில் ஒன்றை நடுவில் வைத்து, மற்ற இடங்களை அதைச் சுற்றி அடுக்குங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்ல வருவது அதுதான்.

அந்தத் திருவிழாவின் பெயர் செச்சு. பூட்டானின் மொழியான ஸோங்காவில் 'பத்தாம் நாள்' என்று பொருள். எட்டாம் நூற்றாண்டில் இமயமலைப் பகுதிக்குத் தந்திர பௌத்தத்தைக் கொண்டுவந்த பத்மசம்பவரை அங்கே குரு ரின்போச்சே என்பார்கள். புத்தருக்கு அடுத்த இடம் அவருக்கு. சந்திர மாதத்தின் பத்தாம் நாள் அவருக்கு உரியது. செச்சு அந்தத் திதியை ஒட்டி வரும், ஆனால் ஒவ்வொரு ஊரிலும் வேறு வேறு மாதத்தில். அதனால்தான் பூட்டானில் திருவிழாக் காலம் இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலுமாகப் பரந்து கிடக்கிறது.

எந்தத் திருவிழா?

சந்திர நாட்காட்டி என்பதால் ஆங்கிலத் தேதி வருடா வருடம் மாறும். பூட்டான் சுற்றுலாத் துறை அந்தந்த ஆண்டுக்கான தேதிகளை வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் எதையும் பதிவு செய்ய வேண்டாம்.

பாரோ செச்சு மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வரும், ஐந்து நாள். திம்பு செச்சு செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தை ஒட்டி, மூன்று நாள். நம் ஊர்ப் பள்ளிகளின் காலாண்டு விடுமுறைக்குப் பக்கத்தில் வருவதால் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது வசதி. ஆனால் மழைக்காலத்தின் வால் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். புனாகாவில் பிப்ரவரி, மார்ச் வாக்கில் திரூப்சென் என்ற விழா நடந்து, அதைத் தொடர்ந்து செச்சு வரும். 17-ஆம் நூற்றாண்டில் திபெத்தியப் படையை விரட்டியதை அங்கே பழைய போர்வீரர் உடையில் நடித்துக் காட்டுவார்கள். பும்தாங்கில் அக்டோபர், நவம்பரில் நடக்கும் ஜம்பே லகாங் விழாவில் நெருப்பு வளைவுக்குக் கீழே ஓடி ஆசி பெறுகிறார்கள். நள்ளிரவில் நடக்கும் நிர்வாண நடனமும் அங்கே உண்டு. அதைப் படம் எடுக்கவே கூடாது.

நவம்பர் 11-ஆம் தேதி போப்ஜிகா பள்ளத்தாக்கின் காங்தே மடத்தில் கருங்கழுத்துக் கொக்குத் திருவிழா. டிசம்பர் 13-ஆம் தேதி தோச்சுலா கணவாயில் துருக் வாங்யெல் செச்சு. இவை இரண்டும் ஆங்கிலத் தேதியிலேயே வருவதால் திட்டமிடுவது எளிது. தோச்சுலாவில் ஆடுகிறவர்கள் துறவிகள் இல்லை, ராணுவ வீரர்கள்.

முதல் முறை என்றால் நான் பாரோவைத்தான் சொல்வேன். சர்வதேச விமான நிலையம் அங்கேயே இருக்கிறது, மைதானம் விசாலம், கடைசி நாள் விடியலில் நடப்பதை வேறு எங்கும் அந்த அளவில் பார்ப்பது கடினம். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அனுமதி, கட்டணம்

இந்தியர்களுக்கு விசா வேண்டாம், நுழைவு அனுமதி வேண்டும். குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை, இரண்டில் ஒன்று இருந்தாக வேண்டும். ஆதார் அட்டை செல்லாது. நம் ஆட்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான், எல்லை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் ஆங்கிலம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். விண்ணப்பத்தை முன்கூட்டியே இணையத்தில் போட்டுவிடுவது நிம்மதி.

அடுத்தது நிலைத்த வளர்ச்சிக் கட்டணம். இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு ஆளுக்கு 1,200 ரூபாய். 6 முதல் 12 வயது வரை பாதி, 5 வயது வரை கிடையாது. கணவன், மனைவி, எட்டு வயதுப் பிள்ளை, நான்கு வயதுப் பிள்ளை ஏழு இரவு தங்கினால் 16,800-உம் 4,200-உம் சேர்த்து 21,000 ரூபாய். அறை, வண்டி, சாப்பாடு எல்லாம் இதற்கு மேல்தான். மற்ற நாட்டுக் குடிமக்களுக்கு, அதாவது இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடாத் தமிழர்களுக்கும், ஓர் இரவுக்கு 100 அமெரிக்க டாலர், விசாவுக்கு 40 டாலர். 2022-இல் 200 டாலராக இருந்ததை 2023-இல் பாதியாகக் குறைத்தார்கள். திரும்பவும் மாறலாம் என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் ஒரு முறை சரிபாருங்கள்.

இந்தக் கட்டணத்தைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். அந்தப் பணம் அங்கே இலவசப் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் காடு காப்பதற்கும் போகிறது. கூட்டத்தை அளவோடு வைக்கவும் அதுதான் வழி. நிதானமாக மூச்சு விட்டுத் திருவிழா பார்க்க முடிகிறது என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

போய்ச் சேருவது

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. கொல்கத்தா, டெல்லி போன்ற ஊர்களிலிருந்து பாரோவுக்கு உண்டு. துருக் ஏர், பூட்டான் ஏர்லைன்ஸ் என்று பூட்டானின் இரண்டு நிறுவனங்கள்தான் ஓட்டுகின்றன. டெல்லியிலிருந்து போனால் இடது பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள், வானம் தெளிவாக இருந்தால் எவரெஸ்ட் வரைக்கும் தெரியும். பாரோ ஓடுபாதை 2,200 மீட்டருக்கு மேல், மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. வானிலை கெட்டால் விமானம் இறங்காது. திரும்பும்போது அதே நாள் சென்னைக்கு இணைப்பு விமானம் போட்டு ஒரு முறை நான் டிக்கெட் பணத்தை இழந்தேன். நடுவில் ஓர் இரவு விட்டு வையுங்கள்.

தரை வழியாகப் போவது செலவு குறைவு. பாக்டோக்ரா வரை விமானத்திலோ நியூ ஜல்பைகுரி வரை ரயிலிலோ போய், அங்கிருந்து ஜெய்காவ் போக நாலு மணி நேரம். ஜெய்காவ் இந்தியப் பக்கம், ஒரு வாசலைத் தாண்டினால் பூட்டானின் புன்ட்ஷோலிங். இந்தப் பக்கம் ஹாரன் சத்தம், அந்தப் பக்கம் அமைதி, ஒரே தெருவில். அன்று இரவு அங்கே தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள். திம்புவுக்கு ஐந்தாறு மணி நேரம், முழுக்க வளைவுகள். வாந்தி வரும் உடம்பு என்றால் மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். நம் ஊர்ப் பதிவெண் வண்டியை உள்ளே கொண்டுபோனால் தினக் கட்டணம் கனமாக இருக்கும். எல்லையிலிருந்து பூட்டான் வண்டியும் ஓட்டுநரும் எடுத்துக்கொள்வதே மேல்.

கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வையுங்கள்.

வழிகாட்டி ஒருவரைக் கட்டாயம் அமர்த்துங்கள். இயற்கையைப் பார்க்க அவர் இல்லாமலும் முடியும். திருவிழாவில் அவர் இல்லையென்றால் முகமூடி போட்ட ஆட்கள் சுற்றிச் சுற்றி வருவதாக மட்டுமே தெரியும். பதிவு செய்யும்போதே கேளுங்கள்: "செச்சு நடனங்களை விளக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும், ஒரு நாள் முழுக்க நாங்கள் மைதானத்திலேயே இருப்போம்." இதை முன்பே சொல்லாவிட்டால் இரண்டு மணி நேரம் காட்டிவிட்டு அடுத்த இடத்துக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். திருவிழா வாரத்தில் பாரோவில் அறை கிடைப்பது பெரும்பாடு. மூன்று நான்கு மாதம் முன்பே பிடித்து வையுங்கள்.

நாட்களை அடுக்குவது

பாரோ செச்சுவுக்கு ஏழு இரவு இருந்தால் நான் இப்படிப் போடுவேன். முதல் நாள் பாரோவில் இறங்கி, வேறு எதுவும் வைத்துக்கொள்ளாமல், ஏழாம் நூற்றாண்டுக் கோவிலான கிச்சு லகாங்குக்கு மட்டும் மெதுவாக ஒரு நடை. உயரத்துக்கு உடம்பு பழக வேண்டும். இரண்டாம் நாள் திம்பு. மூன்றாம் நாள் 3,100 மீட்டர் உயரத் தோச்சுலா கணவாயைத் தாண்டிப் புனாகா. 2003 டிசம்பரில் நடந்த ராணுவ நடவடிக்கையில் இறந்த வீரர்களின் நினைவாகக் கட்டிய 108 ஸ்தூபிகள் அந்தக் கணவாயில்தான் இருக்கின்றன. புனாகா கோட்டை போ சூ, மோ சூ என்ற இரண்டு ஆறுகள் சேரும் முனையில் நிற்கிறது. 1637-இல் கட்டத் தொடங்கியவர் பூட்டானை ஒன்றிணைத்த ஷப்துருங் நவாங் நம்கியால். நான்காம் நாள் பாரோவுக்குத் திரும்புங்கள். ஐந்தாம் நாள் முழுக்கத் திருவிழா. ஆறாம் நாள் விடியலும் திருவிழா, பகலில் தூக்கம். ஏழாம் நாள் பாறையோடு ஒட்டிய மடம் இருக்கும் தக்சாங் மலை. எட்டாம் நாள் ஊர்.

இன்னும் இரண்டு இடம் சேர்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம்.

உடை

பூட்டான்காரர்கள் செச்சுவுக்கு வீட்டிலேயே சிறந்த உடையை எடுத்து உடுத்துவார்கள். ஆண்கள் முழங்கால் வரை வரும் 'கோ', பெண்கள் கணுக்கால் வரை வரும் 'கிரா'. கோட்டைக்குள் நுழையும்போது ஆண்கள் தோளிலிருந்து குறுக்காக 'கப்னே' என்ற நீண்ட துண்டு போட்டிருப்பார்கள். பொதுமக்களுக்கு வெள்ளை, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு நீலம், அமைச்சர்களுக்கு ஆரஞ்சு, மன்னருக்கும் தலைமைத் துறவிக்கும் காவி கலந்த மஞ்சள். துண்டைப் பார்த்தே யார் யார் என்று தெரியும்.

நாம் முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை அணிந்தால் போதும். பெண்கள் புடவையில் போகலாம், உள்ளூர்ப் பாட்டிமார்கள் தொட்டுப் பார்த்து விசாரிப்பார்கள். மேலே கனமான சால்வையோ ஸ்வெட்டரோ வேண்டும். தொப்பி, குட்டை உடை, வீட்டுச் செருப்பு கூடாது. வெயில் அடித்தாலும் கோட்டைக்குள் குடை பிடிக்கக் கூடாது. மார்ச், ஏப்ரலில் பாரோவில் பகல் இதமாக இருக்கும், காலையும் இரவும் பல்லைக் கிட்ட வைக்கும். ஒரே தடிமனான உடுப்பைவிட ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய மூன்று உடுப்புகள் நல்லது.

முற்றத்தில் ஒரு நாள்

காலை எட்டரைக்குள் போய்விடுங்கள். பாரோவில் முதல் நாள் நிகழ்ச்சி ரின்புங் கோட்டைக்குள் நடக்கும், மற்ற நாட்கள் வெளியே கல் பாவிய மைதானத்தில். மடித்து எடுத்துப்போகும் பாய், தண்ணீர், கொறிக்க ஏதாவது, டிஷ்யூத் தாள் கையில் இருக்கட்டும். முன்வரிசையில் பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பங்கள் விடியலிலேயே பாய் விரித்து இடம் பிடித்திருக்கும். அவர்களுக்கு முன்னால் போய் நின்று மறைக்காதீர்கள். சிரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். "குசுசாங்போ லா" என்றால் வணக்கம், "காத்ரின்சே லா" என்றால் நன்றி. அந்த 'லா' நம் 'ங்க' மாதிரி, மரியாதைக்குச் சேர்ப்பது. அதை விடாமல் சொல்லுங்கள். ஆங்கிலமும் இந்தியும் பலருக்குப் புரியும்.

நடக்கும் நடனத்துக்குச் 'சாம்' என்று பெயர். ஆடுகிறவர் அந்த நேரத்தில் தன்னைத் தெய்வமாகவே தியானித்து ஆடுகிறார். பார்ப்பதும் புண்ணியம் என்பது நம்பிக்கை. அதனால் கைதட்டல் இருக்காது. நீங்களும் தட்ட வேண்டாம்.

கருந்தொப்பி நடனத்தை எளிதாக அடையாளம் காணலாம். முகமூடி இருக்காது, அகன்ற பட்டு அங்கியும் பெரிய கறுப்புத் தொப்பியும் இருக்கும். பௌத்தத்தை ஒடுக்கிய திபெத்திய மன்னன் லாங்தர்மாவை 842-இல் ஒரு துறவி கொன்றார் என்பதன் நினைவு அது. வில்லையும் அம்பையும் அவர் அங்கியின் அகன்ற கைகளுக்குள் மறைத்து எடுத்துப்போனாராம், ஆடும்போது அந்தக் கைகளைக் கவனியுங்கள். எலும்புக்கூடு உடையில் வருகிறவர்கள் சுடுகாட்டுக் காவலர்கள். முரசை ஏந்தி 16 பேர் ஆடுவது திராமெட்சே ஙாசாம். கிழக்குப் பூட்டானின் ஒரு மடத்தில் 16-ஆம் நூற்றாண்டில் பிறந்த நடனம், இன்று யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இருக்கிறது. மான், நாய்கள், வேடன் வருகிறார்கள் என்றால் அது மிலரேபா என்ற துறவி வேடனின் மனதை மாற்றிய கதை. காதருகே கையை வைத்துப் பாடுகிறவர்தான் மிலரேபா.

எல்லாவற்றையும் விட ரக்ஷா மார்சாம் நடக்கும் நாளை வழிகாட்டியிடம் கேட்டு வைத்துக்கொண்டு அன்றைக்குப் போங்கள். இறந்தவர்களுக்குத் தீர்ப்பு சொல்லும் நடனம். அங்கே ஷின்ஜே சோக்யெல் என்கிற தெய்வம் நமக்குத் தெரிந்த எமதர்மராஜன்தான், பௌத்தத்தோடு மலையேறிப் போனவர். பெரிய உருவமாக அவரை ஊர்வலத்தில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஒரு பக்கம் வெள்ளைத் தெய்வம், இன்னொரு பக்கம் கறுப்புப் பூதம். மாட்டுத் தலை, குரங்குத் தலை என்று விலங்கு முகம் கொண்ட உதவியாளர்கள் தராசும் கண்ணாடியும் கொண்டுவருவார்கள். முதலில் ஒரு பாவி வருவான். வெள்ளைத் தெய்வம் அவனுக்காக வாதாடும், பூதம் கணக்கை எடுத்துச் சொல்லும், தராசு ஒரு பக்கம் சாயும். கறுப்புத் துணி விரித்து அவனை நரகத்துக்கு இழுத்துப்போவார்கள். அப்புறம் ஒரு நல்லவர் வருவார், அவருக்கு வெள்ளைத் துணி. இது முடியச் சில மணி நேரம் ஆகும். சுற்றுலாக் குழுக்கள் பாதியில் எழுந்து போய்விடும், ஊர்க்காரர்கள் அசையமாட்டார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி பாவியை இழுத்துப்போகும்போது ஜபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். செத்த பிறகு வரும் முகங்களை இப்போதே பார்த்துப் பழகிவிட்டால் அப்போது பயம் இருக்காது என்பதற்காகத்தான் இதை ஆடுகிறார்கள் என்று வழிகாட்டி சொன்னபோது எனக்கு அந்த முற்றமே வேறாகத் தெரிந்தது.

இதற்கு நடுவில் நீண்ட மூக்குச் சிவப்பு முகமூடியோடு சிலர் சேட்டை செய்துகொண்டு திரிவார்கள். அவர்கள் அட்சரா. 'ஆசார்ய' என்ற வடசொல்லே அப்படி மாறியது என்பார்கள். துறவிகளைப் போல நடித்துக் காட்டுவது, பார்வையாளர் மடியில் போய் உட்காருவது, கையிலுள்ள மர ஆண்குறியால் தலையில் தட்டுவது எல்லாம் அவர்களுக்கு அனுமதி. அந்தக் குறி அங்கே தீயதை விரட்டும் சின்னம், வீட்டுச் சுவர்களிலும் வரைந்திருப்பார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் சங்கடப்பட வேண்டாம், உள்ளூர்த் தாத்தா பாட்டி பேரன் பேத்தியோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். அட்சரா கையை நீட்டினால் பத்து இருபது கொடுங்கள். அதே ஆள்தான் நடனக்காரரின் முகமூடி நழுவினால் ஓடிப்போய்க் கட்டிவிடுவார், எந்த அடி எப்போது என்று அவருக்கு அத்துப்படி.

மைதானத்தில் படம் எடுக்கலாம். ஆடுகளத்துக்குள் கால் வைக்கக் கூடாது, ட்ரோன் கூடாது, சன்னிதிகளுக்கு உள்ளே படமே கூடாது. ஆட்களின் முகத்தருகே கேமராவை நீட்டும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். ஸ்தூபி, கோவில் எதுவானாலும் வலமாகத்தான் சுற்ற வேண்டும். அது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சாப்பாடும் பணமும்

மதிய இடைவேளையில் குடும்பங்கள் மூங்கில் கூடைகளைத் திறக்கும். சிவப்பரிசிச் சோறு, பச்சை மிளகாயைப் பாலாடைக்கட்டியில் வேகவைத்த எமா தட்சி. மிளகாய் அங்கே காய்கறி. காரம் தாங்கும் என்று நினைக்கும் நம் ஆட்களுக்கும் முதல் வாயில் கண் கலங்கும். உருளைக்கிழங்கு போட்ட கேவா தட்சியும் காளான் போட்ட ஷாமு தட்சியும் சாது. சைவம் எளிதாகக் கிடைக்கும், "இறைச்சி வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் சரி. சுஜா என்பது உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீர். டீ என்று நினைத்துக் குடித்தால் பிடிக்காது, சூப் என்று நினைத்துக் குடியுங்கள். நம் டீ வேண்டுமென்றால் ஙாஜா என்று கேளுங்கள். யாராவது தோமா நீட்டினால் அது வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புதான், ஆனால் பாக்கு ஈரமாகவும் வாடை தூக்கலாகவும் இருக்கும். உடம்பு குப்பென்று சூடாகும், சிறு துண்டாகப் போடுங்கள்.

நுல்ட்ரம் என்ற அவர்கள் பணம் நம் ரூபாய்க்குச் சமம், ரூபாயும் செல்லும். நூறு ரூபாய்த் தாள்களாக எடுத்துப்போங்கள். பல கடைகளில் யுபிஐ வேலை செய்கிறது என்றாலும் மைதானத்து ஓரக் கடைகளில் கைக்காசுதான். மிஞ்சிய நுல்ட்ரத்தை எல்லை தாண்டும் முன் செலவழித்துவிடுங்கள், இந்தியாவுக்குள் மாற்றுவது கடினம்.

கடைசி நாள் விடியல்

தில்லையைக் காண முக்தி என்பது நமக்குத் தெரியும். பாரோ செச்சுவின் கடைசி நாளில் விரிப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரும் அதுவேதான்: தோங்ட்ரோல், 'கண்டாலே விடுதலை'. பல மாடிக் கட்டடத்தின் சுவர் முழுவதையும் மறைக்கும் பட்டுத் திரை. துணிகளை வெட்டி ஒட்டித் தைத்து, நடுவில் குரு ரின்போச்சேயும் சுற்றிலும் அவருடைய எட்டு வடிவங்களும். வருடத்துக்கு ஒரு முறைதான் வெளியே வரும். வெயில் நேராகப் பட்டுவிடக் கூடாது என்பதால் இருட்டிலேயே விரித்து, சூரியன் மைதானத்தைத் தொடும் முன் சுருட்டிவிடுவார்கள்.

முந்தைய இரவே எட்டு மணிக்குப் படுத்துவிடுங்கள். மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும், ஓட்டுநரிடம் நேரத்தை உறுதி செய்து வையுங்கள். கைவிளக்கு, கையுறை, வெந்நீர் குடுவை அவசியம். கல் தரை பனிக்கட்டி மாதிரி இருக்கும், உட்காரக் கனமான விரிப்பு வேண்டும். குழந்தைகளைத் தூக்கத்தோடு போர்வையில் சுற்றிக் கொண்டுபோகலாம், அங்கே எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள். நீண்ட கொம்புகளின் சத்தம் அடிவயிற்றில் இறங்கும்போது திரை மெல்ல மேலே ஏறும். நெய் விளக்குகள் ஏற்றுவார்கள். கொஞ்சம் வெளுத்ததும் மக்கள் வரிசையாகப் போய்த் திரையின் அடி விளிம்பில் நெற்றியை வைத்து எடுப்பார்கள். நீங்களும் வரிசையில் நிற்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். அந்த வரிசையில் இருக்கும்போது மட்டுமாவது கேமராவைப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

சுருட்டி முடித்ததும் அறைக்குப் போய்த் தூங்குங்கள். மறுநாள் தக்சாங் ஏற வேண்டும். 3,120 மீட்டர் உயரத்தில் பாறையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த மடத்தை 1692-இல் கட்டினார்கள். 1998 தீயில் எரிந்து, 2005-இல் மீண்டும் எழுந்தது. குரு ரின்போச்சே புலியின் மேல் பறந்து வந்து தவம் செய்த குகை அங்கேதான். ஏழு மணிக்கே நடக்கத் தொடங்குங்கள், போய்வர ஐந்து மணி நேரமாவது ஆகும். குதிரை பாதி வழி வரைக்கும்தான், இறங்கும்போது கிடையவே கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் நடுவழித் தேநீர்க் கடையிலேயே உட்கார்ந்துகொள்ளலாம், எதிரே மடம் முழுசாகத் தெரியும். மேலே வாசலில் பையையும் போனையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். உள்ளே முதல் சன்னிதியில் குரு ரின்போச்சேயின் வடிவங்களைப் பார்க்கும்போது, முந்தைய நாள் இருட்டில் அந்தத் திரையில் பார்த்த முகங்களை நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.